நான்கு மீட்டரும் எட்டு மீட்டரும்

பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒருவர் நிற்பதாக நம் சட்டம் வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஓசை 125 டெசிபெலைத் தாண்டினால் அந்த வெடியைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 1999 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்ந்த வரம்பு அது. சட்டம் நிறுத்தி வைத்திருக்கும் இன்னொருவரும் உண்டு. அவர் காரின் முன்விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் விலகி நிற்கிறார். அவருடைய கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளக்கு அந்தக் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-வது விதி.

இரண்டு விதிகளும் பொருளின் பலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. எதிரில் இருப்பவர்மேல் என்ன விழுகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. முதல் விதியைப் பற்றி விருதுநகர் மாவட்டத்தில் டீக்கடையில் கேட்டாலும் நாலு பேர் பேசுவார்கள். இரண்டாவது விதி இருப்பது, ஆக்சஸரீஸ் கடையில் செனான் கிட் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கும் தெரியாது, மாட்டிவிட்டவருக்கும் தெரியாது.

பட்டாசை முதலில் பார்ப்போம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய் வந்த கதையில் தொடங்கி, சிவகாசித் தொழில் சட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. இங்கே ஆலைகளை உரிமத்தின் பெயரால்தான் வகை பிரிப்பார்கள்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். எந்த ஆலை எவ்வளவு பெரிது, எந்த அதிகாரி வந்து பார்ப்பார் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிடும். மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. விற்பனையும் அப்படியே. தீபாவளிக்குச் சில வாரம் மட்டும் தகரக்கொட்டகையில் கடை போடுகிறவர்கூடத் தற்காலிக உரிமம் வாங்கியாக வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, சரவெடிக்கும் முட்டுக்கட்டை போட்டபோது அதன் அடி விழுந்தது தயாரிப்பாளர்மேல். பச்சை நிறத்துக்குப் பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த மத்தாப்புக்காரர்கள் கலவையையே மாற்ற வேண்டியதாயிற்று. வாங்கி வெடிக்கும் சென்னைக்காரருக்கோ காலையில் ஆறு முதல் ஏழு, இரவில் ஏழு முதல் எட்டு என்ற நேரக் கட்டுப்பாடு மட்டும்தான். அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆக, பட்டாசுச் சட்டத்தின் முழுப் பாரமும் பெட்டி ஆலைக்கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே இறங்கிவிடுகிறது.

செனான் விளக்கு நேர் எதிர். கார் கம்பெனி ஒரு மாடலை விற்குமுன் அதன் முன்விளக்கைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் வாங்குகிறது. அதுவரை கட்டுப்பாடு பட்டாசுக்குச் சமமாகவே இருக்கிறது. வண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்த மறுவாரம் அதே விளக்குக்குள் வேறு பல்பைச் செருக எந்த லைசென்ஸும் வேண்டாம். கடைக்காரர் பம்பரைக்கூடக் கழற்றாமல் வேலையை முடித்துவிடுவார்.

செருகுவதில் என்ன தப்பு என்று கேட்பவருக்கு வாட் கணக்கு சொல்லப்படும். வழக்கமான ஹெச்-4 ஹாலஜன் பல்பு டிம்மில் 55 வாட். செனான் 35 வாட்தான். மின்சாரம் குறைவு, வெளிச்சம் அதிகம், பேட்டரிக்கும் நல்லது. கணக்கு சரிதான். ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லூமென் தந்தால் செனான் 3,200 வரை தரும். சங்கடம் அளவில் இல்லை, ஒளி புறப்படும் இடத்தில் இருக்கிறது.

ஹெச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் படவேண்டும் என்பதற்காக வைத்தது அது. மேல்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். இடப்பக்கம் சாலை ஓரம் தெரியக் கொஞ்சம் உயர்ந்தும், எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தும் ஒரு கோடு வெட்டியது போல நிற்கும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கோடு கலங்கும்.

செனான் குழலில் இழையே கிடையாது. பேலஸ்ட் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு முனைகளுக்கு நடுவே மின்வில்லை மூட்டுகிறது. அந்த வில் இழையைப் போல ஒரே சீராக ஒளிராது. முனைகளுக்குப் பக்கத்தில் அதிகப் பிரகாசமாகவும் நடுவில் சற்று வளைந்தும் இருக்கும். கிட் பல்பில் கிண்ணத்தின் இடத்தில் இருப்பது ஒரு ஒப்புக்குச் சப்பாணித் தகடு. மூன்று மடங்கு ஒளி, தனக்கென்று செய்யப்படாத கண்ணாடியில் பட்டு நாலு பக்கமும் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பங்கு நேராக அந்த எட்டு மீட்டர் ஆளின் கண்ணுக்குப் போகிறது.

செனான் என்று பெயர் இருந்தாலும் அந்த வாயு விளக்கு எரியத் தொடங்கும் கணத்துக்குத்தான் முக்கியமாக உதவுகிறது. பிறகு நிலைத்து எரியும் வெளிச்சம் குழலுக்குள் இருக்கும் சோடியம், ஸ்காண்டியம் போன்ற உலோகங்களின் உப்பிலிருந்து வருவது. சூடான உலோக உப்பு ஒளி உமிழ்வதுதான் சிவகாசியின் பிழைப்பும்: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. ஒரே வேதியியலின் இரண்டு சரக்குகளில் ஒன்றுக்கு உப்பின் பெயர் சொல்லி நீதிமன்றத் தடை இருக்கிறது. மற்றதில் என்ன உப்பு என்று யாரும் கேட்டதில்லை.

இங்கேதான் ஒப்பீடு பிரிகிறது. ஒரு லட்சுமி வெடி சட்டத்துக்கு உட்பட்டதா என்பது அந்த வெடிக்குள்ளேயே முடிந்துபோன விஷயம். சாத்தூரில் வெடித்தாலும் சேலத்தில் வெடித்தாலும் அதன் மருந்து மாறாது. செனான் பல்பு அப்படியல்ல. கம்பெனியே செனானுக்கென்று வடிவமைத்த விளக்கில், பாரத்துக்கேற்பத் தானே மட்டம் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டோடு இருந்தால் அது முறையானது. ஸ்கோடா சூப்பர்ப், பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் அப்படித்தான் வந்தது. ஐரோப்பிய விதிகள் 2,000 லூமெனைத் தாண்டும் டிம் விளக்குக்கு அந்தத் தானியங்கி மட்டத்தையும் கண்ணாடி கழுவும் கருவியையும் கட்டாயமாக்கின. அதே தரமுள்ள குழலை ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் வைத்தால் விதிமீறல். “இந்தப் பல்பு லீகலா?” என்று கடையில் கேட்பதே பிசகு. எந்த விளக்குக்குள் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

கிட் மாட்டியவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: ஆர்.சி. புக்கில் பல்பைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, பிறகு எப்படி அது வண்டியை மாற்றியதாகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஆர்.சி. விவரங்களை வைத்துப் பேசுவதால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, விதிகள் அனுமதிக்காத பாகத்தைப் பின்னால் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வாதம் அத்தோடு முடிந்தது என்றே நினைக்கிறேன். 106-வது விதிக்கு ஆர்.சி.யோடு சம்பந்தமும் இல்லை.

அதே பிரிவில் விற்பவருக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் மத்திய அரசு முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அறிவித்தவற்றுக்கு மட்டும். நடைமுறையில் சிக்குபவர் வண்டிக்காரர்தான். அவரும் எப்போது சிக்குவார்? சொந்தக் காருக்கு முதல் எஃப்.சி. பதினைந்து வருடம் கழித்து வருகிறது. டாக்சிக்கும் லாரிக்கும் எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு வருடந்தோறும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் அன்று பழைய பல்பைப் போட்டுக்கொண்டு போவது ஒன்றும் பெரிய தந்திரமில்லை. வழியில் நிறுத்தும் காவலர் கையில் ஒளியை அளக்க அநேகமாகக் கருவி இருக்காது. முன்விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முகாம்கள் தமிழ்நாட்டில் அவ்வப்போது நடக்கும். சிதறும் ஒளிக்கு நடுவில் ஒட்டிய பொட்டு என்ன செய்யும்?

இதன் விலையைக் கொடுப்பது நான்குவழிச் சாலை அல்ல. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நடுத்திட்டுச் செடிகள் எதிர்வெளிச்சத்தை ஓரளவு மறைத்துவிடும். நடுத்திட்டு இல்லாத ஊர்ச் சாலைகளில் மறைக்க ஒன்றுமில்லை. ஆலை விட்டுத் திரும்பும் இருசக்கர வண்டிகளும் சைக்கிள்களும் அங்கேதான் போகின்றன. கண் கூசிய பிறகு இருட்டு மறுபடி பழகச் சில வினாடி பிடிக்கும். கண்புரை தொடங்கிய வயதினருக்கு இன்னும் அதிகம். கிட் மாட்டியவருக்கும் லாபம் பாதிதான். பானெட்டுக்கு முன்னால் சாலை பளிச்சென்று இருப்பதால் அவர் கண்பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது முன்னைவிட மங்கலாகிவிடுகிறது. நீலம் கலந்த 6,000, 8,000 கெல்வின் ரகம் அழகுக்கு ஆனது. கம்பெனி செனான் பெரும்பாலும் 4,300-ஐ ஒட்டியே இருந்தது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. பட்டாசு உரிமங்களின் கெடுபிடிக்குப் பின்னால் அப்படிப்பட்ட நாள்கள் பல இருக்கின்றன. கூசும் விளக்குக்கு அப்படி ஒரு நாள் வராது. அது ஒவ்வொருவராகத் தடுமாற வைக்கிறது. தடுமாறியவர் கீழே கிடக்கும்போது வெளிச்சம் அடுத்த ஊரைத் தாண்டியிருக்கும். இரண்டு சட்டங்களின் சுறுசுறுப்பிலும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் 2021 முதல், 1986 ஏப்ரலுக்குப் பின் ஓடத் தொடங்கிய காரின் ஹாலஜன் விளக்கில் செனான் குழல் போட்டிருந்தால் ஆண்டுச் சோதனையில் தேறாது. ஒளியை அளக்கும் வேலையே இல்லை. கிட் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம் எஃப்.சி.யிலும் இதைச் செய்யலாம், சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் காத்திருக்காமல் இருந்தால்.

வெளிச்சம் போதாது என்பது உண்மையான குறைதான். மஞ்சள் பூத்த முன்கண்ணாடியைப் பாலிஷ் செய்வது, ரிலே போட்டு பல்புக்கு முழு வோல்டேஜ் போகச் செய்வது, மட்டத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருகுவது ஆகிய மூன்றுமே விதிக்குள் அடங்கும். செலவும் கிட்டைவிடக் குறைவு. இப்போது செனான் கிட் பழசாகி அதே அலமாரியில் எல்.இ.டி. கிட் உட்கார்ந்திருக்கிறது. பேலஸ்ட் இல்லை, இருபதாயிரம் வோல்ட் இல்லை. ரிஃப்ளெக்டர் மட்டும் அதே ஹாலஜன் ரிஃப்ளெக்டர்.