301: இடம் மாறிய முகவரியின் கதை

இராயபுரம் பகுதி மக்களுக்கு நிலக்கரித் தூசி புதிதன்று. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியும் இரும்புத் தாதுவும் காற்றில் பறந்து அவர்களுடைய வீடுகளில் படிந்து வந்தன. இதில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தலையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இவ்விரு சரக்குகளையும் அங்குக் கையாளாமல், வடக்கே எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. சரக்கு அதே சரக்குதான். அது போய்ச் சேர வேண்டிய முகவரி மட்டும் மாறியது.

இத்தகைய முகவரி மாற்றம் கணிப்பொறி வலையில் நாள்தோறும் நடைபெறுகிறது. ஒரு கல்லூரியின் வலைத்தளம் புதிய பெயர் பெறுகிறது. ஓர் அலுவலகத்தின் பக்கங்கள் வேறொரு கணிப்பொறிக்குக் குடிபெயர்கின்றன. பழைய முகவரியைக் கையில் வைத்திருப்பவர் என்ன ஆவார்? இக்கேள்விக்கு அறிவியலார் இரண்டு விடைகள் கண்டனர். அவற்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

முதல் விடை: வாசலில் ஓர் அறிவிப்பு

சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை உருவாக்கியபோது, அதன் பேச்சுமுறை மிக எளிமையானதாக இருந்தது. படிப்பவரின் கணிப்பொறி ஒரு பக்கத்தைக் கேட்கும். பக்கங்களை வைத்திருக்கும் கணிப்பொறி, அதாவது வழங்கி, அதை அனுப்பும். 1991-ஆம் ஆண்டின் அந்த முறையில், "நீங்கள் தேடுவது இங்கே இல்லை, அங்கே இருக்கிறது" என்று சொல்லத் தனிக் குறியீடு ஏதும் இல்லை.

இக்குறை விரைவில் உணரப்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் முன்னால் மூன்று இலக்க எண் ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் வந்தது. 1996 மே மாதம் வெளியான விதி ஆவணம் இவ்வெண்களை வரையறுத்தது. 301 என்றால் "நிலையாக இடம் மாறிவிட்டது". 302 என்றால் "தற்காலிகமாக வேறிடத்தில் உள்ளது". எண்ணோடு புதிய முகவரியும் வரும். படிப்பவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவருடைய கணிப்பொறியே புதிய முகவரிக்குச் சென்று பக்கத்தைக் கொண்டுவரும். இதுவே வழிமாற்றம்.

அதே 1996-இல்தான் மெட்ராஸ் என்ற பெயர் சென்னை ஆயிற்று. எனினும் சென்ட்ரல் நிலையத்திற்கு இரயில்வே வழங்கியிருந்த 'எம்.ஏ.எஸ்.' என்ற குறியீடு மாறவில்லை. இராயபுரத்தின் 600013, திருவொற்றியூரின் 600019 ஆகிய அஞ்சல் எண்களும் மாறவில்லை. பெயர் மாறினாலும் எண் மாறாததால் கடிதங்கள் வழி தவறவில்லை. வலைமுகவரிக்கு அந்த வசதி இல்லை. அதில் பெயரே முகவரி. ஆகவேதான் அறிவிப்பு தேவைப்படுகிறது.

ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குத் தனித்தனியே அறிவிப்பு எழுதுவது இயலாத செயல். ஜெர்மனியைச் சேர்ந்த ரால்ஃப் எங்கல்ஷால் என்பவர் 1996-இல் அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளுக்கு ஓர் இணைப்பை எழுதினார். "இவ்வடிவில் வரும் முகவரிகளை எல்லாம் அவ்வடிவுக்கு மாற்று" என்று ஒரே விதியில் சொல்ல அது வழி செய்தது.

இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புகிறோம். வழங்கி 302 என்று விடை தருகிறது. பல கணிப்பொறிகள் புதிய முகவரிக்குச் சென்றபோது படிவத்தை விட்டுவிட்டு, வெறுமனே பக்கத்தைக் கேட்டன! இக்குழப்பம் தீர 1999-இல் 307 என்ற எண்ணும், நிலையான மாற்றத்திற்காக 2015-இல் 308 என்ற எண்ணும் விதிகளில் இடம்பெற்றன. இவ்விரண்டிலும் படிவம் கைவிடப்படாமல் உடன் செல்லும்.

இரண்டாவது விடை: ஒரே வாயில், பல துறைகள்

வழிமாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் அமைந்த கடலடி இழைவடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒருமுறை போய்வர 32 மில்லி நொடி ஆகும். பழைய முகவரி சிங்கப்பூரில் இருந்தால், அறிவிப்பைப் படிப்பதற்கே இந்த நேரம் செலவாகிறது. பிறகுதான் உண்மையான பயணம் தொடங்கும்.

வேறு வழி என்ன? மீண்டும் துறைமுகத்தையே பார்ப்போம். கப்பல் "சென்னை" என்று கேட்டு வருகிறது. அம்பேத்கர் துறையா, ஜவகர் துறையா, பாரதி துறையா என்பதைத் துறைமுகமே முடிவு செய்கிறது. வழிகாட்டி மாலுமி ஏறிக் கப்பலை உள்ளே கொண்டுசெல்கிறார். வெளியுலகிற்குத் தெரிவது ஒரு வாயில் மட்டுமே.

1994-இல் செர்னில் ஆரி லூட்டோனனும் அவருடைய கூட்டாளிகளும் பதிலாள் வழங்கியை விளக்கினர். அது கேட்பவரின் பக்கம் நின்று, அவருக்காக வெளியே சென்று பக்கங்களைக் கொண்டுவந்தது. அதையே திருப்பி வழங்கியின் பக்கம் நிறுத்தினால் எதிர்ப்பதிலாள் கிடைக்கிறது. வருகிற கேள்விகளை எல்லாம் அது வாங்கி, உள்ளே உள்ள கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்து, விடையைத் தன் பெயரில் தருகிறது. உள்ளே கணிப்பொறி மாறினாலும் வெளியே முகவரி மாறுவதில்லை.

ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை ஒரு கணிப்பொறி தாங்குமா என்ற கேள்வியை 1999-இல் டான் கேகல் எழுப்பினார். ருஷ்யாவின் இகோர் சிசோயெவ் அதற்கு விடையாக எழுதிய எஞ்சின்-எக்ஸ் என்னும் மென்பொருள் 2004-இல் வெளியாயிற்று. இன்று இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுபவற்றுள் அதுவும் ஒன்று.

இரண்டு முறைகளும் சந்திக்கும் இடத்தில் கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் கணிப்பொறி ஒன்று 301 என்று சொல்லி, தன் உள்முகவரியைத் தந்துவிட்டால், வெளியில் உள்ளவர் அங்கே போக முடியாது. ஆகவே வாயிலில் நிற்கும் பதிலாள் அதை வெளிமுகவரியாகத் திருத்தி அனுப்ப வேண்டும். அப்பாச்சியில் இதற்கெனத் தனிக் கட்டளையே உண்டு.

யாருடைய பொறுப்பு?

பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களின் முகவரிகளும் செத்துப்போயின. எண்ணூர்த் துறைமுகமே 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. இவ்வாறு பெயர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை நம்பி வருவோர் இருக்கவே செய்வர்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வழிமாற்றம் சுமையை இடம் மாற்றுமே தவிர, இல்லாமல் செய்யாது. இராயபுரத்திலிருந்து அகன்ற நிலக்கரியின் சுமை எண்ணூரின் கணக்கில் ஏறியது. வலையிலும் புதிய முகவரி அதைத் தாங்குமா என்று பார்த்த பின்னரே அறிவிப்பை மாட்ட வேண்டும்.

முகவரியை மாற்றுபவருக்கு ஒரு வரி விதி எழுதும் வேலைதான். அதை அவர் எழுதாவிட்டால், பழைய பாடக்குறிப்பில் உள்ள முகவரியைத் தட்டிப் பார்க்கும் மாணவனுக்குக் கிடைப்பது 404 என்ற எண் மட்டுமே. "இங்கே இல்லை" என்பது அதன் பொருள். எங்கே போனது என்பதை அது சொல்லாது.