இல்லாத நாட்டுக்கு ஒரு நிலப்படம்

ஒரு தாளையும் கவராயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 500 மைல் சுற்றளவுள்ள வட்டமான தீவு ஒன்றை அளவுத்திட்டப்படி வரையுங்கள். ஒரு நிபந்தனை: தீவின் நடுப்பகுதி 200 மைல் அகலம் இருக்க வேண்டும். வரைய முடிகிறதா? முடியாது. 500-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 159 மைல்தான் வருகிறது. அதற்குள் 200 மைல் எப்படி அடங்கும்?

இந்தத் தீவைப் படைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மோர். 1516-இல் வெளிவந்த அவருடைய ‘உட்டோப்பியா’ என்ற லத்தீன் நூலில், பிறை வடிவான தீவு ஒன்று இந்த அளவுகளுடன் வருணிக்கப்படுகிறது. தீவின் படமும் நூலிலேயே அச்சிடப்பட்டிருந்தது. கணக்கு உதைக்கிறது என்பதால் நூலின் புகழ் குறைந்துவிடவில்லை. அந்தத் தீவில் எவரும் நடந்து பார்க்கப் போவதில்லை அல்லவா?

ஆனால், பலர் கூடி ஒரே கற்பனை உலகில் ஆளுக்கொரு வேடம் ஏற்று வாழத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒருவர் அரசர், மற்றொருவர் தளபதி, இன்னொருவர் வணிகர் என்று வைத்துக்கொள்வோம். தளபதியின் படை எல்லைக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வி எழுந்தவுடன், 159-க்கும் 200-க்கும் உள்ள வேறுபாடு பெரிய வழக்காகிவிடும். அத்தகைய உலகங்களின் நிலப்படங்கள் வளர்ந்த கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

நான்கு குழந்தைகளின் ஆப்பிரிக்கா

1826 ஜூன் மாதம். இங்கிலாந்தின் ஹாவர்த் என்ற சிற்றூரில் வாழ்ந்த பாட்ரிக் பிராண்ட்டி என்ற பாதிரியார், தம் மகன் பிரான்வெல்லுக்கு மரப் போர்வீரர் பொம்மைகள் பன்னிரண்டை வாங்கி வந்தார். பிரான்வெல்லும் அவன் சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் ஆகியோரும் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்துகொண்டார்கள். அந்த வீரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் குடியேறி ‘கண்ணாடி நகர்’ ஒன்றை எழுப்பியதாகக் கதை வளர்ந்தது. பின்னாளில் இந்தச் சகோதரிகள் மூவருமே புகழ்பெற்ற நாவலாசிரியர்கள் ஆனார்கள்.

1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்வெல் அந்த உலகுக்கு ஒரு நிலப்படம் வரைந்தான். குழந்தைகள் நால்வருக்கும் ஒவ்வொன்றாக நான்கு நாடுகள் அதில் பிரிக்கப்பட்டிருந்தன. உண்மையான அசாந்தி நாட்டு மக்கள் வாழ்ந்த பகுதியை, வரும் அந்நியர் வென்று பங்கிட்டுக்கொள்ளும் வெற்றிடமாகவே அந்தக் குழந்தைகள் கண்டார்கள். வீட்டுக்கு வந்த பத்திரிகைகளும் புவியியல் நூல்களும் அப்படித்தான் அவர்களைப் பார்க்கப் பழக்கியிருந்தன.

அந்தக் காலத்து அறிஞர்களின் நிலப்படங்கள் மட்டும் முழுவதும் உண்மையாக இருந்தனவா? இல்லை. 1798-இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற புகழ்பெற்ற நிலவரைவாளர், மேற்கு ஆப்பிரிக்காவில் கிழக்கு மேற்காக ‘காங் மலைகள்’ என்ற நீண்ட தொடரை வரைந்திருந்தார். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் வரைய, சுமார் 90 ஆண்டுகள் அந்த மலைகள் படங்களில் நிலைத்து நின்றன. 1887 முதல் 1889 வரை அப்பகுதியில் பயணம் செய்த பிரெஞ்சு அதிகாரி லூயி பிஞ்ஜே, அங்கே அப்படி ஒரு மலைத்தொடரே இல்லை என்று காட்டினார்.

பிராண்ட்டி குழந்தைகளின் கூட்டும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1831-இல் மூத்தவளான சார்லட் பள்ளிக்குச் சென்றாள். இளையவர்களான எமிலியும் ஆனும் பிரிந்துபோய், வட பசிபிக் கடலில் ‘கோண்டால்’ என்ற தீவைத் தமக்கெனப் படைத்துக்கொண்டார்கள். தன்னிடமிருந்த புவியியல் பாடநூலின் அகராதிப் பகுதியில், உண்மையான ஊர்ப் பெயர்களுக்கு நடுவே கோண்டாலின் பெயரையும் ஆன் எழுதிவைத்தாள். ஒரே படத்துக்குள் இருக்க விரும்பாதவர்கள் புதிய படத்தைத் தேடிப் போவார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

அறுகோணத்தின் ஆட்சி

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. போர் விளையாட்டுப் பிரியர்கள் கட்டங்கள் போட்ட படத்தின்மேல் படைகளை நகர்த்துவது வழக்கம். சதுரக் கட்டங்களில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்துக் கட்டத்தின் மையம் 1 அலகு தூரத்தில் இருந்தால், மூலைவிட்டத்தில் உள்ள கட்டத்தின் மையம் 1.41 அலகு தூரத்தில் இருக்கும். இரண்டையும் ‘ஒரு நகர்வு’ என்று எண்ணினால் குறுக்கே போகிறவருக்கு லாபம். அறுகோணத்தில் இந்த அநீதி இல்லை. தேனடையைப் பாருங்கள்: ஓர் அறையைச் சுற்றியுள்ள ஆறு அறைகளின் மையங்களும் சம தூரத்தில் இருக்கின்றன. 1961-இல் வெளிவந்த ‘கெட்டிஸ்பர்க்’ விளையாட்டின் பதிப்பு அறுகோணக் கட்டங்களைப் பயன்படுத்தியது.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற வேடமேற்று ஆடும் விளையாட்டை வெளியிட்டார்கள். இதில் ஒருவர் நடுவராக இருந்து உலகை வருணிப்பார். மற்றவர்கள் அதில் பயணம் செய்வார்கள். நடுவரிடம் ஒரு படம் இருக்கும். ஆட்டக்காரர்கள் அதைப் பார்க்காமல், காதால் கேட்டதைக் கொண்டு தாமே ஒரு படம் வரைவார்கள். 1980-இல் கைகாக்ஸின் ‘கிரேஹாக்’ உலகம் டார்லீன் என்ற ஓவியர் வரைந்த பெரிய வண்ணப் படத்துடன் அச்சேறியது. அதில் ஓர் அறுகோணம் 30 மைல். ஆர்னசன் முன்பே உருவாக்கியிருந்த ‘பிளாக்மூர்’ நாட்டின் பெயரும் அதன் வடக்கில் இடம்பெற்றது. படை வந்துசேர எத்தனை நாள் என்பதை இனிக் கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம்.

தூரம் இல்லாத நிலப்படம்

வில் குரோதர் என்ற கணிப்பொறி வல்லுநர் குகை ஆய்விலும் ஈடுபட்டவர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைத் தொகுதியை அளந்து படமாக்கும் பணியில் பங்கெடுத்தவர். 1975-76 காலத்தில் அவர் அந்தக் குகை அறிவைக் கொண்டு ‘அட்வெஞ்சர்’ என்ற கணிப்பொறி விளையாட்டை எழுதினார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். திரையில் படம் கிடையாது, எழுத்து மட்டுமே. ‘வடக்கு’ என்று தட்டினால் அடுத்த அறையின் வருணனை தோன்றும்.

இந்தக் குகையில் சில பாதைகள் வளைந்து செல்லும். வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவீர்கள் என்ற உறுதி இல்லை! இங்கே அளவுகோல் பயன்படாது. அறைகளைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிரை அவிழ்த்த கணித மேதை ஆய்லரும் தூரத்தை விட்டுவிட்டு இணைப்பை மட்டுமே பார்த்தார். ஒரே மாதிரியான அறைகள் கொண்ட சிக்கல் பகுதி ஒன்றும் அந்த விளையாட்டில் உண்டு. அங்கே ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைத்தால்தான் தப்பலாம். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதபோது ஊகிக்காமல் சோதனை செய்து பார்ப்பது, அறிவியலின் அரிச்சுவடியல்லவா?

இவ்விளையாட்டில் ஆட்டக்காரர் தனியே உலவினார். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா ‘மட்’ என்ற விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். இதில் பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகில் சந்திக்க முடிந்தது. 1989-இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் எழுதிய ‘டைனிமட்’ இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டக்காரர்களே அறைகளைக் கட்ட அனுமதித்தது. 1990-இல் பேவல் கர்ட்டிஸ் ‘லாம்டாமூ’ என்ற உலகைத் திறந்தார். அதன் மையப் பகுதிக்குக் கலிபோர்னியாவிலிருந்த அவருடைய சொந்த வீடே மாதிரி. கட்டப்படும் ஒவ்வோர் அறைக்கும் கணிப்பொறியின் நினைவகத்தில் இடம் வேண்டும், நினைவகமோ வரம்புடையது. எனவே யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவுசெய்ய ஆட்டக்காரர்களைக் கொண்ட ஒரு குழு தேவைப்பட்டது. கற்பனை நாட்டிலும் மனைப் பங்கீடு வந்துவிட்டது!

இரண்டு சோதனைகள்

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? தனி ஒருவரின் நிலப்படம் ஓவியமாக இருக்கலாம். பலர் பங்குகொள்ளும் நிலப்படமோ ஓர் உடன்படிக்கை. உலகில் ஆட்கள் கூடக் கூட, அளவும் கட்டமும் இணைப்பும் விதியும் ஒவ்வொன்றாகப் படத்துக்குள் வந்து சேர்ந்தன.

கற்பனைப் படத்துக்கு ஒரே ஒரு சோதனைதான்: அது தனக்குத்தானே முரண்படக் கூடாது. உண்மையான படத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு: அங்கே போய்ப் பார்த்தால் அது இருக்க வேண்டும். காங் மலைகள் முதல் சோதனையில் தேறின; பலரும் உடன்பட்டார்கள். இரண்டாவது சோதனையில் அவை மறைந்தே போயின. அறிவியல் கொள்கைகளும் இவ்வாறே. கணக்கு முரணின்றி இருப்பது அவசியம். ஆனால் அதுவே போதாது.

விடுமுறை நாளில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு தீவை வரைந்து பாருங்கள். முதல் வழக்கு எதைப் பற்றி வருகிறது என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் அது ஆற்றையோ எல்லையையோ பற்றியதாகத்தான் இருக்கும். அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் படத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். உங்கள் நாட்டின் முதல் சட்டம் அதுதான்.