குளோரினுக்குத் தப்பிய வைரஸ்கள்

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனையில் வெள்ளம் வடிந்தபின், நகரின் கழிவுநீர் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினை வழக்கத்தைவிட அதிகமாகவே சேர்த்தார்கள். வியப்பு என்னவென்றால், அதே நீரைக் குடித்த ஊரில் டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. பாக்டீரியாக்கள் மடிந்தன, வைரஸ் பிழைத்தது. ஹெப்பாடைட்டிஸ் ஈ என்று இன்று நாம் அழைக்கும் அந்த வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது 1983-ல்தான்.

ஏன் இந்த வேறுபாடு? வைரஸ் என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள். ஃப்ளூ வைரஸுக்கு அதன்மேல் கொழுப்புப் படலமும் உண்டு. அது எளிதில் சிதையும், சிதைந்தால் வைரஸ் செயலிழக்கும். நீரில் பரவும் போலியோ, ரோட்டா, நோரோ, அடினோ போன்றவற்றுக்கு அந்தப் படலம் இல்லை. இழக்க ஒன்றுமில்லாததே அவற்றின் பலம்.

ஆனால் அவையும் ஒரே மாதிரி அல்ல. அடினோ வைரஸ் குளோரினில் சீக்கிரம் அழியும். புறஊதாக் கதிருக்கோ அசையாது. அதன் மரபுப்பொருள் ஈரிழை டி.என்.ஏ. ஓர் இழை பழுதானால், அது தொற்றிய நம் செல்லே மற்ற இழையைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிடும்! போலியோ வைரஸில் 10,000-க்கு 9,999-ஐ அழிக்க, சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் கதிர் தாராளம். அடினோவை மனதில் வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-ல் விதித்த அளவு 186. காக்ஸாக்கி பி5 இதற்கு நேரெதிர்: கதிருக்குப் பணியும், குளோரினை நெடுநேரம் தாங்கும்.

குளோரினிலும் வகை உண்டு. அதே முகமையின் அட்டவணைப்படி, 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தனிக் குளோரின் இருந்தால், வைரஸ்களில் 10,000-க்கு 9,999 அழிய 6 நிமிடம் போதும். அம்மோனியாவோடு சேர்ந்த மோனோகுளோரமைன் அதே அளவில் இருந்தால் 1,491 நிமிடம், அதாவது ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். நீர் கலங்கியிருந்தால் எந்தக் கணக்கும் பொய்க்கும். மண் துகளுக்குள் ஒட்டியிருக்கும் வைரஸை மருந்து எட்டுவதில்லை.

ஆகவே "ஈ.கோலி இல்லை" என்ற பரிசோதனைச் சீட்டு வைரஸ் இல்லை என்பதற்கு உத்தரவாதமாகாது. 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியும் அப்படித்தான். பாக்டீரியா நிற்கும், துளையின் அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே பருமனுள்ள போலியோ வைரஸ் நழுவிவிடும். வடிகட்டல், கதிர், குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலி போடுவதே பொறியாளர்களின் வழி.

விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் சுவரில் விளக்கெரியும் சுத்திகரிப்பானைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். பாட்டியோ அந்த நீரையும் அடுப்பில் ஏற்றுவார். நாம் சிரிப்போம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த நீரில் மேலே சொன்ன எந்த வைரஸும் தாக்குப் பிடிக்காது. கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் ஈ உயிருக்கே ஆபத்து என்பதை நினைத்தால், பாட்டியின் பிடிவாதம் சிரிப்பதற்குரியதல்ல.