செதாக்கா: தருமமா, அறமா?

ஏழைக்குக் கொடுப்பதை யூதர்கள் எபிரேயத்தில் 'செதாக்கா' என்பார்கள். இதைத் 'தருமம்' என்று பெயர்த்தால் பாதிப் பொருள் சிந்திப்போகிறது. வேர்ச்சொல் 'செதெக்', அதன் பொருள் நீதி. ஆகவே கொடுக்காதவனைக் கருமி என்று சொல்லி விட்டுவிட முடியாது. அவன் நீதி தவறியவன்.

இந்த வேர் நமக்கும் பழக்கமானதுதான். தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் 'சதகா' இதன் அரபு உடன்பிறப்பு. இன்னொரு சொல்லும் அப்படித்தான்: பலிக்கு எபிரேயத்தில் 'கொர்பான்' என்று பெயர். 'நெருங்குதல்' என்ற வேரிலிருந்து வந்தது. பக்ரீத் நாளில் நம் தெருவில் கேட்கும் 'குர்பானி' அதே குடும்பம்.

செதாக்கா, பலி இரண்டில் எது பெரிது? பலியைவிட நீதியும் நியாயமும் செய்வதே கடவுளுக்கு உவப்பு என்கிறது விவிலியத்தின் நீதிமொழிகள் நூல். அங்கே மூலத்தில் நிற்கும் சொல் செதாக்காதான். கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள், அங்கே நடந்த பலி நின்றது. யூதச் சட்ட நூலான தால்முதில் ரபி எலெயாசர் அந்த வசனத்தையே சான்றாக்கி, எல்லாப் பலிகளையும்விடச் செதாக்கா பெரிது என்றார்.

அந்தச் சொல் புலம்பெயர்ந்தவர்களோடு கனடாவின் மொன்றியலுக்கும் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயின்ட் லோரன்ட் தெருப் பக்கம் குடியிருந்த யூதர்கள் பலர் தையல் தொழிலாளர்கள், இத்திஷ் மொழி பேசியவர்கள். அவர்கள் மரபில் வீட்டுக்கு வீடு ஒரு 'புஷ்கே' உண்டு. மேலே செதாக்கா காசு போடக் கீறல் விட்ட சிறிய தகரப்பெட்டி. பெயர் போலந்து மொழியிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன், விளக்கேற்றப் போகும் பெண் முதலில் அதில் சில்லறை போடுவாள். நம் உண்டியல்தான், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

செதாக்கா அந்தப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. 1934 ஜூனில் மொன்றியல் நோத்ர்தாம் மருத்துவமனையில் ஒரு யூத மருத்துவரைச் சேர்த்ததற்காகப் பயிற்சி மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் யூதப் பொது மருத்துவமனை திறந்தது. அதைக் கட்ட யூதர்கள் பணம் திரட்டியிருந்தார்கள். கதவை எல்லா மதத்தாருக்கும் திறந்துவைத்தார்கள். சற்றுமுன் தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கு மறுக்காத இந்தச் செயலுக்கு 'தருமம்' என்ற சொல் போதாது. இன்று தமிழ்க் குடும்பங்களும் வாழும் கோட்-டே-நேஜ் பகுதியில்தான் அந்த மருத்துவமனை இருக்கிறது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் உண்டு. பழைய மதுரையில் வழக்குத் தீர்த்த மன்றம் அறங்கூறவையம்; பசித்தவருக்குச் சோறிட்டது அறச்சாலை. நீதிக்கும் ஈகைக்கும் ஒரே சொல் வைத்திருந்தவர்கள் நாம். செதாக்காவைத் தமிழாக்குகிறவர்கள் 'அறம்' என்றே எழுதுங்கள்.