குவார்ட்டர்ஸுக்குத் திரைச்சீலை வாங்கப் போறீங்களா?

நெய்வேலி நகரியத்தில் நீங்கள் இருப்பது என்.எல்.சி குவார்ட்டர்ஸ் என்றால், பணி ஓய்வு வந்ததும் காலி செய்யணும். அதனால் அலங்காரத்துக்கான பணத்தைச் சுவரில் போடாதீங்க, துணியில் போடுங்க. அது உங்களோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

நிறத்தை முடிவு செய்யவேண்டியது தூசுதான். பக்கத்திலேயே சுரங்கம், அனல்மின் நிலையம். நிலக்கரித் தூள் பழுப்பு, எரிந்த சாம்பலோ வெளிர்நிறம். வெள்ளைத் திரையில் முதலாவது தெரியும். ஆசைப்பட்டு வாங்கும் கருநீலத்தில் இரண்டாவது பளிச்சென்று தெரியும். இடைப்பட்ட நிறங்கள்தான் சரி: மணல், செங்கல், கடுகு மஞ்சள், பாசிப்பச்சை. சின்னக் கட்டம் போட்டது இன்னும் நல்லது.

வெல்வெட் வேண்டவே வேண்டாம், தூசு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடிக்கடி துவைக்க கரூர் பருத்தித் துணிதான் தோது. ஆனால் பருத்தி சுருங்கும். தைக்கும் முன் ஒரு இரவு ஊறவைத்துக் காயப்போடுங்க. கீழ் மடிப்பில் 4 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்க; அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். சாயம் போகுமா? கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!

மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்னால் வெளிர்நிற லைனிங் தேவை. இல்லாவிட்டால் மே மாத வெயிலில் எந்தச் சாயமும் வெளுத்துவிடும்.

தரைக்கு கார்ப்பெட்டைவிட பவானி ஜமக்காளம் மேல். வெளியே கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டினால் வேலை முடிந்தது.