கொடைக்கானலுக்கு ஏறிய பழைய தடம்

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடர் எரிமலைக் குழம்பால் உருவானதன்று. நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. இன்று கொடைக்கானல் வரை தார்ச்சாலையிலேயே சென்றுவிடலாம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் அங்கு முதல் வீடுகளைக் கட்டியபோதோ, பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடித் தடமே இருந்தது. வசதியுள்ளோர் குதிரைமீதும், கழிகளில் பிணைத்த நாற்காலியைக் கூலியாட்கள் தோளில் சுமக்க அதில் அமர்ந்தும் ஏற, பெட்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் தலைச்சுமையாகவே மேலே சென்றன. 1875இல் சமவெளிக்கு இருப்புப்பாதை வந்த பிறகும், 1914இல் லா என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும் மலைச்சாலை அமைத்து முடிக்கப்படும்வரை, இந்நிலை நீடித்தது. கொடைக்கானலை உருவாக்கியோர் வரிசையில் துரைமாருக்கு முன்பாக வைக்கத் தக்கவர்கள் அந்தச் சுமைகாரர்களே.