ராத்தாட புத்தகம் தங்கச்சிக்குக் கிடைக்குமா?

தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடிப் பக்கத்துப் பெற்றோருக்கும் கம்பஸ் போகும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ராத்தா படித்து முடித்த புத்தகத்துக்குப் புது உறை போட்டுத் தங்கச்சி படிப்பாள். அவளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை. இப்படித்தான் நாங்கள் எல்லோரும் படித்து வந்தோம்.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் படிப்புக் கட்டணம் நின்றது. ஆனாலும் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். 1980இலிருந்து பாடசாலை நூல்களும் இலவசமாயின. அந்தச் சலுகை பாடசாலையோடு முடிகிறது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. வாவிக்கரைப் பிள்ளைகளுக்குக் கம்பஸ் கிட்ட வந்தது, ஆனால் வெளிநாட்டுப் பாடநூலின் விலை கிட்ட வரவில்லை. நூலகமும் போட்டோக்கொப்பிக் கடையும்தான் கைகொடுத்தன.

அந்தக் கடையையும் கோர்ட்டுக்கு இழுத்த கதை உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப் பகுதிகளைக் கொப்பி எடுத்துக் கொடுத்த ஒரு சிறு கடைமீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் டில்லி உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது.

இப்போது வருவது டிஜிட்டல் புத்தகம். சுமை இல்லை, கடலும் தாண்ட வேண்டாம், நல்லதுதான். ஆனால் பல நூல்களை விற்பதில்லை, தவணைக்கு வாடகைக்குத்தான் தருகிறார்கள். ஒரு இரகசியக் குறியீடு, ஒரே ஆள், தவணை முடிந்தால் பூட்டு. காசு கொடுத்து வாங்கியதும் நிலைக்கும் என்றில்லை. 2009இல் அமேசன் தான் விற்ற ஓர்வெல்லின் நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் போயின. பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை.

விலையும் டொலரில்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. 50 டொலர் நூல் 10,000இலிருந்து 18,000 ரூபாவானது. புத்தகத்தில் ஒரு வரிகூடக் கூடவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை யாரும் காசின்றி வாசிக்க வைத்திருக்கிறது. பாடசாலை நூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலேயே இறக்கலாம். அதனால் டிஜிட்டலில் குறை இல்லை, பூட்டில்தான் குறை.

பிள்ளைகளே, காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு? இணையம் இல்லாமல் திறக்குமா? தங்கச்சிக்குக் கொடுக்கலாமா? கம்பஸ் முடித்தவர்களே, அலுமாரியில் தூங்கும் புத்தகங்களை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். பயனுள்ள கல்வி, மௌத்துக்குப் பிறகும் நன்மை வந்து சேரும் சதக்கா என்பது நாங்கள் அறிந்ததுதானே.